நாலு மணிக் கரடி

கையில் வேலை இருந்தால்தான் எனக்கு வாயில் பேச்சு வருமுங்க. சும்மா உட்கார்ந்து பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கும். தப்பா எடுத்துக்காதீங்க, இந்த மொச்சையை உரிச்சுக்கிட்டே சொல்றேன். உங்க முகத்தைப் பார்க்காம முறத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன். அந்த போன் குரலை மட்டுந்தானே பிடிக்குது? படம் எடுக்கலையே? எதுக்கும் அதைக் கொஞ்சம் கவிழ்த்து வெச்சிடுங்க. ஆங், இப்ப நிம்மதி.

மேடம்னு கூப்பிட எனக்கு வரமாட்டேங்குது. அக்கான்னு கூப்பிடட்டுங்களா? வயசு என்னைவிடக் கம்மியாத்தான் இருக்கும், ஆனா நீங்க காலேஜுல கரடிக்குப் படிக்கிறவங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. கரடிக்குன்னு ஒரு படிப்பு இருக்குதுன்னே போன வாரம் கார்டு ஐயா சொல்லித்தான் தெரியும். சந்தானம்னு பேரு அவருக்கு, காட்டு ஆபீசுல கார்டு. அவர்தானே உங்களை எங்க வீட்டுக்கு அனுப்பினது?

கரடியை நான் பார்த்ததில்லைங்க. முதல்லயே சொல்லிடறேன், இவ்வளவு தூரம் வந்து ஏமாந்துட்டோம்னு அப்புறம் நினைக்கக் கூடாது. ஊரே அதைப் படத்துலதான் பார்த்தது, நான் படத்துலயும் பார்க்கலை. ஆனா அந்தக் கரடி புண்ணியத்துலதான் எங்க புளியமடுவுக்குப் பள்ளிக்கூட வண்டி வந்தது. அதே கரடியாலதான் இந்த வீட்டுல எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போச்சு. இப்ப வர்ற திங்கட்கிழமையில இருந்து வண்டியை நிறுத்தப் போறாங்களாம், கரடி மறுபடி படத்துல விழலைன்னு. வண்டி நின்னா எம் பொண்ணு பழையபடி சிறுத்தை நடமாடற வழியில நடக்கணும். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது. அதனாலதான் நீங்க கேட்டதும் உட்காருங்கன்னு சொன்னேன். இல்லைன்னா வெளியாளு வந்தா நான் மாட்டுக்கொட்டாய்க்குள்ள போய் நின்னுக்குவேன்.

எங்க ஊருல முப்பத்தெட்டு வீடு. பள்ளிக்கூடம் கீழே நால்ரோட்டுல. தார் ரோட்டுல சுத்திப் போனா அஞ்சு கிலோமீட்டர், ஓடை வழியா குறுக்கே இறங்கினா ஒண்ணரை. காலையில எங்க வீட்டுக்காரர் தேங்காய் நார்மில்லு வேலைக்குப் போறப்போ வர்ணிகாவைப் பைக்குல வெச்சு ரோட்டு வழியா கொண்டுபோய் விட்டுடுவார். ஒண்ணாவது படிக்குது. சாயங்காலம் நாந்தான் போய்க் கூட்டிட்டு வரணும். தருணுக்கு எட்டு மாசம், அவனைச் சேலையில முதுகோட கட்டிக்கிட்டு ஓடை வழியா இறங்கி, ஏறி வரணும். ஊர்ப் புள்ளைங்க மொத்தம் பதினொண்ணு, எல்லாம் சாயங்காலம் அந்த வழியிலதான் வரும். ரெண்டு பக்கமும் உன்னிச்செடிப் புதர். ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் நடக்க முடியும்.

ஆடி மாசம் சிறுத்தை வந்தது. மாரக்கா கயித்தைக் கட்டி ஓட்டிட்டு வந்த வெள்ளாட்டை அந்த வழியில வெச்சே தூக்கிட்டுப் போச்சு. மாரக்கா கையில கயிறு மட்டும் மிச்சம். மறுநாள் பார்த்தா ஆட்டுத் தலை மரக்கிளையில தொங்குது. ஊரே சேர்ந்து ஆபீசுக்குப் போனாங்க. நான் போகலை, எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, அவங்கதான் போச்சு. வண்டி ஒண்ணு விடுங்க, புள்ளைங்க அந்த வழியில வரமுடியாதுன்னு கேட்டிருக்காங்க. அதிகாரி ரொம்ப நல்லவராம். எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கார். டீ வந்ததும், "எங்க ரிக்கார்டுபடி உங்க பக்கம் சிறுத்தையே கிடையாதும்மா" அப்படின்னாராம்.

மாரக்கா விடுமா? "அப்ப என்ற ஆட்டைத் தின்னது ஆருங்க, உங்க ரிக்கார்டுங்களா?"

"நாய் கடிச்சிருக்கும்."

"எந்த ஊர் நாயிங்க மரத்துல ஏறி உக்காந்து திங்குது?"

"பாருங்கம்மா, ஆதாரம் வேணும். சிறுத்தை போட்டோ இருந்தா மேல அனுப்பலாம். மேல இருந்து உத்தரவு வந்தா வண்டி வரும்."

எங்க வார்டு மெம்பர் கந்தவேலு அண்ணன் ஓடை மணல்ல இருந்த சிறுத்தைக் காலடியை போன்ல படம் எடுத்துக் கொடுத்தார். காலடி எவ்வளவு பெரிசுன்னு தெரியட்டும்னு பக்கத்துல தன்னோட காலையும் வெச்சு எடுத்திருக்கார். படத்துல மெம்பர் செருப்புதான் பளிச்சுன்னு இருந்தது. செல்லாதுன்னுட்டாங்க.

அப்புறந்தான் புரட்டாசியில பெட்டி வந்தது. டிபன் டப்பா அளவு, பாசி நிறம். ஓடைக்கரை மருத மரத்துல முழங்கால் உயரத்துல வார் போட்டுக் கட்டினாங்க. முன்னால எது அசைஞ்சாலும் அதுவா படம் எடுத்துக்குமாம். தேதி, மணி எல்லாம் போட்டுக்குமாம். எங்க வீடுதான் அந்த வழிக்குக் கடைசி வீடு. கார்டு ஐயா, "நாகமணி, பெட்டியை ஒரு கண்ணு பாத்துக்கம்மா" அப்படின்னு என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனார். எனக்கு வாழ்க்கையில ஒருத்தர் ஒரு பொறுப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பதினஞ்சு நாள் கழிச்சு எடுத்துப் பார்த்தாங்க. எழுநூத்திச் சொச்சம் படம். சிறுத்தை ஒண்ணுலயும் இல்லை. எல்லாம் ஊர்க்காரங்க! அந்தப் படமெல்லாம் பெரிய ஆபீசுக்குப் போகுதுன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. மெம்பர் மட்டும் அறுபது படத்துல இருக்கார். துண்டு போட்டு, துண்டு போடாம, கரைவேட்டி மாத்தி. முதல் நாள் எடுத்ததுல முழங்காலுக்குக் கீழேதான் விழுந்திருக்குது. அது எப்படியோ தெரிஞ்சு, ரெண்டாவது நாள்ல இருந்து குத்தவெச்சு உட்கார்ந்து கும்பிட்டிருக்கார். மாரக்கா ஆட்டுக் கயித்தைக் கொண்டுவந்து காட்டி ஏதோ முறையிட்டிருக்குது. பெட்டிக்குக் காது இல்லைன்னு அதுக்கு யாரும் சொல்லலை. சின்னான்னு ஒருத்தர், குடிச்சுட்டு வந்து பெட்டி முன்னாலயே படுத்துட்டார். புரண்டு படுக்கறப்பல்லாம் ஒரு படம், அவரு மட்டும் நூத்திப் பத்து. எங்க அத்தை விறகுக்குப் போறேன்னு சொல்லிட்டு அவங்க கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிட்டுப் போச்சு. நான் ஏன் அத்தைன்னு கேட்டேன். "வெளுத்ததெல்லாம் நனைஞ்சுபோச்சு" அப்படின்னாங்க. அன்னைக்கு மழையே இல்லைங்க.

அதிகாரி என்ன சொன்னார் தெரியுங்களா? "இவ்வளவு மனுசங்க நடமாடற இடத்துல சிறுத்தை எப்படிம்மா வரும்?"

எழுநூறு படத்துல நான் ஒண்ணுலகூட இல்லைங்க. தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை அந்த வழியிலதான் போனேன். அப்ப ஓடை காய்ஞ்சு கிடந்தது. பெட்டி இருக்கிற மரத்துக்குப் பின்னால ஓடைக்குள்ள இறங்கி, அந்தப் பக்கம் ஏறிக்குவேன். எனக்குப் படம்னாலே ஆகாது. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தீங்கன்னா எல்லாப் படத்துலயும் என் வகிடுதான் இருக்கும். போட்டோக்காரர் "நிமிரும்மா, நிமிரும்மா"ன்னு சொல்லியே தொண்டை கட்டிப் போனார். ஆதாருக்கு எடுக்கறப்போ அழுதுட்டேன், அந்த அட்டையில இன்னைக்கும் அழுத முகந்தான். எங்க அத்தை அதைப் பார்த்துட்டு, "ஆரோ அடிச்சு வெச்ச மாதிரி இருக்குது, எங்க குடும்பத்தைத்தான் தப்பா நினைப்பாங்க" அப்படின்னாங்க.

சரி, பெட்டிக்கு வர்றேன். ஆயுத பூசை வந்தது. எங்க வீட்டுல பைக்கு, கிரைண்டர், மிக்சி, அரிவாள், மம்பட்டி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். டிவி ரிமோட்டுக்குக்கூட வெச்சோமுங்க. எல்லாத்துக்கும் வெச்ச பிறகுதான் எனக்குத் தோணுச்சு, ராத்திரி பகலா ஊருக்காக முழிச்சிருக்கிற பெட்டி ஒண்ணு அங்க மரத்துல அநாதையா இருக்குதே, என் பொறுப்புல இருக்கிற பெட்டியாச்சேன்னு. கிண்ணத்துல சந்தனம் குங்குமம் எடுத்துட்டுப் போனேன். முன்னால போனா படம் எடுத்துடுமே? அதனால மரத்துக்குப் பின்னால நின்னு கையை மட்டும் சுத்தி நீட்டித் தடவிப் பார்த்தேன். நடுவுல உருண்டையா, வழவழன்னு, நெத்தி மாதிரி ஒரு இடம் கைக்குத் தட்டுப்பட்டது. அங்க நல்லா அகலமா சந்தனத்தை அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். மனசு நிறைஞ்சு போச்சு. மீதி இருந்த பொரியை மரத்தடியில தூவிட்டு வந்துட்டேன்.

அடுத்த தடவை பெட்டியைத் திறந்தப்போ பதினெட்டு நாள் படமும் ஒரே சிவப்பா இருந்ததாம். கண்ணை மூடிட்டு வெயிலைப் பார்த்தா தெரியுமே, அப்படின்னு கார்டு ஐயா சொன்னார். அதுல பாருங்க, பெட்டிக்கு நேர் கீழே சேத்துல சிறுத்தைக் காலடி! ஒரு தடவை இல்லை, போனதும் வந்ததும் நின்னதுமா ஏகப்பட்ட காலடி. அதிகாரி குதிச்சார். "எவன் செஞ்ச வேலை இது?" மெம்பர் உடனே, "எதிர்க்கட்சி சதிங்கய்யா" அப்படின்னார். எதிர்க்கட்சின்னு எங்க ஊருல இருக்கிறதே சின்னான் ஒருத்தர்தான். அவர், "நான் எப்பங்க எந்திரிச்சேன், பொட்டு வெக்கறதுக்கு?" அப்படின்னார். அது நியாயமாப் பட்டதால விட்டுட்டாங்க.

நான் வாயைத் திறக்கலை. பயந்துட்டு இல்லைங்க. வெச்சது நல்லதுக்குத்தானே? அவ்வளவு பெரிய சிறுத்தை பெட்டிக்கிட்ட வந்து நின்னும் அதை ஒரு கீறல் கீறலையே, எதனால? பொட்டு இருந்ததால. அந்த நன்றி ஒருத்தருக்கும் இல்லை. துணியால அழுத்தித் துடைச்சுட்டுப் போயிட்டாங்க.

போறப்போ அதிகாரி, "கடைசியா பத்து நாள் வெக்கறேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களைத் தவிர பெரியவங்க ஒருத்தர்கூட இந்த வழியில வரக்கூடாது. இதுலயும் ஒண்ணும் விழலைன்னா பெட்டியும் இல்லை, வண்டியும் இல்லை" அப்படின்னு சொல்லிட்டார்.

நல்லாச் சொன்னாருங்க. சிறுத்தை இருக்கிற வழியில புள்ளைங்க மட்டும் வரலாம், பெரியவங்க வரக்கூடாது. மத்த புள்ளைங்க பெரிசு, சேர்ந்து ஓடி வந்துடும். என்னுது ஆறு வயசு, எல்லாருக்கும் கடைசியா எறும்பைப் பார்த்துட்டு, பூவைப் பறிச்சுட்டு வரும். அதைத் தனியா விட முடியுங்களா? நான் போகத்தான் செஞ்சேன். ஆனா ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு, ஓடையில இடுப்பளவு தண்ணி. மரத்துக்குப் பின்னால இறங்க வழி இல்லை. பெட்டி முன்னாலதான் போயாகணும். படத்துல விழுந்தா அதிகாரி சொல்லை மீறினேன்னு ஆகிடும், என் முகமும் பெரிய ஆபீசுக்குப் போயிடும்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். எங்க மாமனார் ஆட்டுப்பட்டியில காவலுக்குப் படுக்கறப்போ போர்த்தின கறுப்புக் கம்பளி ஒண்ணு இருக்குது. முடி முடியா நிக்கும், பிசிறு தொங்கும். புள்ளைங்க எல்லாம் முன்னால போகட்டும்னு விட்டுட்டு, "நீயும் ஓடு கண்ணு, அம்மா பின்னாலயே வர்றேன்"னு வர்ணிகாவையும் அனுப்பிட்டு, கம்பளியைத் தலையோட போர்த்திக்குவேன். முதுகுல தருண் இருக்கான் பாருங்க, அவனுக்கும் சேர்த்து. மூச்சு முட்டாம இருக்க அவன் பக்கம் கொஞ்சம் விலக்கி விட்டுக்குவேன். சேறு வழுக்கும், அதனால கையையும் ஊணிக்கிட்டு நாலு காலுல மெதுவா மெதுவா பெட்டியைத் தாண்டிடுவேன். முகம் தெரியலைன்னா அது நானில்லைதானே? தாண்டினதும் எந்திரிச்சுக் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். ஒரு குருவிக்குத் தெரியாதுங்க.

பத்து நாள் முடிஞ்சது. பெட்டியை எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் ஊருக்குள்ள ரெண்டு ஜீப்பு. பள்ளிக்கூடத்துல கூட்டம், பெத்தவங்க எல்லாரும் வரணும்னு சொன்னாங்க. எனக்குக் கூட்டம் ஆகாது, அத்தையே போச்சு. திரும்பி வந்தப்போ முகமே சரியில்லை.

"என்னங்கத்தே, சிறுத்தை விழுந்திருச்சுங்களா?"

"சிறுத்தையா? கரடிடி! குட்டி போட்ட கரடி! உன்ற மவளுக்குப் பின்னாலயே வந்திருக்குது, பாவி!"

நாலு மணி ஒன்பது நிமிசத்துக்கு வர்ணிகா பெட்டிக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போற படம் இருக்குதாம். அதுக்கடுத்த படம் நாலு பத்து. கறுப்பா, முடியா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, முதுகுல குட்டியோட கரடி. ஒரு நிமிசந்தான் வித்தியாசம்! அக்கா, இப்ப சொல்றப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது பாருங்க. நான் எங்கே இருந்தேன்னு கேட்கறீங்களா? பின்னாலதானுங்க வந்துட்டிருந்தேன்! எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல அது புகுந்திருக்குது. நான் கம்பளிக்குள்ள தலையை விட்டிருந்ததால கண்ணுல படலை. அதுவும் என்னைப் பார்க்கலை போல. பார்த்திருந்தா விட்டிருக்குங்களா? மாரியாத்தா காப்பாத்தினா.

அந்தக் கூட்டத்துலயே புள்ளைங்களுக்கும் படத்தைக் காட்டியிருக்காங்க, எச்சரிக்கையா இருக்கட்டும்னு. வர்ணிகா எந்திரிச்சுப் போய்ப் படத்துமேல விரலை வெச்சு, "அம்மா, அம்மா"ன்னு சிரிச்சிருக்குது. புள்ளை பயத்துல என்னைத் தேடியிருக்குதுன்னு எல்லாருக்கும் கண்ணு கலங்கிப் போச்சாம். "சித்தம் கலங்கிச் சிரிக்குது பாரு"ன்னு எங்க அத்தை அன்னைக்கே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்தும் என்கிட்ட, "அம்மா, நீ படத்துல நல்லா இருந்தே" அப்படின்னுச்சு. நெத்தியில கை வெச்சுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ரெண்டாவது கயிறும் கட்டினோம்.

ஆனா பாருங்க, மூணு மாசமா ஆட்டைத் தின்னு, நாயைத் தின்னு, காலடியை வெச்சுட்டுப் போன சிறுத்தையால வராத வண்டி, இந்தக் கரடியால மூணே நாள்ல வந்திருச்சு. கரடி ரிக்கார்டுல ஏறிடுச்சே! பெரிய அதிகாரியே வந்து கொடியசைச்சார். மெம்பர், 'எங்கள் மண்ணுக்கு வந்த தாய்க்கரடியே வருக'ன்னு பிளெக்ஸ் வெச்சார், ஒரு பக்கம் அவர் படம், இன்னொரு பக்கம் கரடி. பெட்டியில எடுத்தது இருட்டா இருக்குதுன்னு பிளெக்ஸ்காரர் போன்ல தேடி நல்ல கரடியா ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கார். வெள்ளைக் கரடி. பனியில நிக்குது. எங்க ஊருல அதைப் பார்த்து ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. சின்னான் மட்டும், "குளிக்க வெச்சிருக்காங்க போல" அப்படின்னார்.

வண்டி வந்துச்சு. எனக்குச் சந்தோசந்தான். ஆனா என் கஷ்டம் அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது.

கொடியசைக்க வந்த அதிகாரி மைக்குல பேசினாராம். "இந்தத் தாய்க்கரடியைப் பாருங்கள். குட்டியை ஒரு கணம்கூட முதுகை விட்டு இறக்கவில்லை. மழையிலும் சேற்றிலும் எவ்வளவு கவனமாக அடியெடுத்து வைக்கிறது! தாய்மை என்றால் இதுதான்"னு. எங்க அத்தை அதை அப்படியே மனப்பாடமா வெச்சிருக்குது. அன்னையில இருந்து இந்த வீட்டுல கரடிப் புராணந்தான். நான் சோறு குழைச்சுட்டா, "அந்தக் கரடிக்கு இருக்கற கவனம் உனக்கு இருக்குதா?" தருண் கட்டிலை விட்டு உருண்டா, "கரடி முதுகுல குட்டி அசைஞ்சிருக்குமா?" விருந்தாளி வந்தா டீ கொடுக்கறதுக்கு முன்னால, "எங்க மருமவ புள்ளையை முன்னால விட்டுட்டு எங்கயோ பராக்குப் பாத்துட்டு நின்னா, பின்னால கரடி வந்துச்சு. ஆனா கரடி நல்ல தாயிங்க" அப்படின்னு ஆரம்பிச்சுடும். எங்க வீட்டுக்காரர்கூட ஒருநாள், "அந்தக் கரடியைப் பாத்தாவது கத்துக்கோயேன்" அப்படின்னார். கட்டின பொண்டாட்டியைப் பார்த்து!

எங்க போயிருந்தேன்னு அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது? போகக்கூடாத வழியில போனேன், பெட்டிக்குப் பயந்து கம்பளிக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்னு சொல்ல முடியுங்களா? ஆனா மனசுக்குள்ள ஒண்ணு உறுத்திட்டே இருந்தது. அது காட்டு மிருகம். எழுத்து தெரியாது, சாமி தெரியாது. அதுக்கே அவ்வளவு அக்கறைன்னா, நான் என்ன அம்மா? ராத்திரி தருணைப் பக்கத்துல போட்டுக்கிட்டு அந்தக் கரடியை நினைச்சு அழுதிருக்கேனுங்க. அது இப்ப எங்க நனைஞ்சுட்டு நிக்குதோ, குட்டிக்குப் பால் கிடைச்சுதோன்னு.

வண்டி வந்ததுக்கப்புறம் நான் அந்த வழிக்கே போகலை. போக என்ன வேலை? ரோட்டு முனையில புள்ளை இறங்கிடுது. புள்ளைங்களும் போறதில்லை. கரடிக்கும் அது தெரிஞ்சிருச்சோ என்னமோ, அதுவும் வரலை. மரத்துல புதுசா பெட்டி கட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒரு படம் இல்லை. சிறுத்தை? அது போன செவ்வாய்க்கிழமை மெம்பர் வீட்டு நாயைத் தூக்கிட்டுப் போச்சே! ஆனா ரோட்டுப் பக்கமா வந்து தூக்கிட்டுப் போச்சு, அங்க பெட்டி இல்லை. இப்ப ஆபீசுல இருந்து கடுதாசி வந்திருக்குது, 'கரடி இடம்பெயர்ந்துவிட்டதால் ஆபத்து நீங்கியது'ன்னு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் விழலைன்னா வண்டி நிக்குது. பதினோரு புள்ளைங்களும் நடக்கணும்.

நீங்க கரடிக்குப் படிச்சவங்க. அது எங்க போயிருக்கும், எப்படிக் கூப்பிட்டா வரும்னு உங்களுக்குத் தெரியுங்களா? பழம் கிழம் வெச்சா வருங்களா? நான் வேணும்னா... என்னதுங்க? அந்தப் படமா? உங்ககிட்ட இருக்குதுங்களா? பெரிசா அச்சுப் போட்டு வெச்சிருக்கீங்களே! கையைத் துடைச்சுக்கறேன், இருங்க.

இருட்டாத்தான் இருக்குது. இது எங்க மருத மரத்து வேரு. இது உன்னி. இது கரடிங்களா? எவ்வளவு பெரிசு. தலையைத் தொங்கப் போட்டுட்டு, பாவமா... இது குட்டி. குட்டி கால் வெளியில தொங்குது. காலுல வெள்ளையா வளையம் இருக்குதே, அதென்னங்க? அரிய வகைன்னு எழுதியிருக்காங்களா? உலகத்துல எந்தக் கரடிக்குட்டிக்கும் இப்படி வெள்ளை வளையம் கிடையாதா?

இல்லைங்க அக்கா, இது எங்கம்மா தருணுக்குப் போட்ட வெள்ளித் தண்டை...

...

ஒண்ணும் இல்லைங்க. தண்ணியெல்லாம் வேண்டாம். கண்ணுல தூசி.

கரடிதானுங்க. நல்லாத் தெரியுது. கரடியேதான். இல்லைன்னு யார் சொன்னது? இன்னொரு தடவை கொடுங்க. ஒரு கையைப் பின்னால கொடுத்துக் குட்டியை எப்படித் தாங்கியிருக்குது பாருங்க. மூணு காலுலதான் நடக்குது, அவ்வளவு வழுக்கல்லயும். குட்டி பாருங்க, தூங்குது. சொகமாத் தூங்குது. அதிகாரி சொன்னது பொய்யில்லைங்க. எங்க அத்தையும் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை. நல்ல தாயிதான்.

அத்தைகிட்டச் சொல்லணுங்களா? என்னத்தைச் சொல்றது? வேண்டாங்க. சொன்னா அதுக்கப்புறம் வண்டி வருங்களா? அவங்க திட்டட்டும். கரடியைப் பாத்துக் கத்துக்கோன்னு நூறு தடவை சொல்லட்டும். இனிமே எனக்கு உறைக்காது.

அந்த போனை நிமிர்த்தி வெச்சுக்குங்க, பரவாயில்லை. எழுதியும் வெச்சுக்குங்க. கரடி எங்கயும் போகலை. இங்கதான் இருக்குது. பெட்டியை ஞாயித்துக்கிழமை வரைக்கும் கழட்ட வேண்டாம்னு கார்டு ஐயாகிட்டச் சொல்லுங்க. நாளைக்கே வரும். எப்படித் தெரியும்னா... கரடிக்குப் படிச்சவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு ரெண்டு எங்களுக்கும் தெரியுமுங்க. நாளைக்கு, நாளன்னைக்கு, ஞாயிறு, மூணு நாளும் வரும். அடுத்த மாசமும் வேணும்னா வரும். குட்டியோடதான் வரும், விட்டுட்டு வர அதுக்கு வீட்டுல ஆளு...

"ஏ நாகமணி! மாடு கத்துறது காதுல விழலையா புள்ளே? பால்காரன் வர்ற நேரமாச்சு, அங்க என்ன வாயாடிட்டு இருக்கறே? ஒரு கரடிக்கு இருக்கற பொறுப்பு..."

இதோ வர்றேனுங்கத்தே! அக்கா, மணியை மட்டும் மறக்காமக் குறிச்சுக்குங்க, நாலு மணி, அதை ஒட்டித்தான் வரும். நாலரைக்கு மேலன்னா அதால முடியாதுங்க, அதுக்கு மாட்டுல பால் கறந்து...